கேட்ட கச்சேரியும் பார்த்த கச்சேரியும்

தமிழில் கூத்தைப் பார்க்கிறோம், நாட்டியத்தைப் பார்க்கிறோம், கச்சேரியைக் கேட்கிறோம். 'நேற்று ஒரு கச்சேரி பார்த்தேன்' என்று யாரேனும் சொன்னால் பழைய ரசிகர் ஒருவர் சற்றே புருவத்தை உயர்த்துவார். மேடையில் நால்வரோ ஐவரோ அமர்ந்திருப்பது அவர் கண்ணிலும் படத்தான் செய்கிறது. ஆயினும் எதற்காக அங்கே போனோம் என்பதை வினைச்சொல்லே தெரிவித்துவிடுகிறது. இன்று ஒரே கச்சேரியின் நேரடிப் பதிவு ஒலித்தொகுப்பாகவும் வருகிறது, காணொளியாகவும் வருகிறது. இரண்டில் எதை நாடுவது என்ற பேச்சு நண்பர்களிடையே அடிக்கடி எழுகிறது. நமது சார்பு ஒலியின் பக்கம். இது வெறும் பழக்கந்தானா, அல்லது அதற்குக் காரணம் உண்டா என்று ஆராயப் புகுந்தபோது, பதிவுக் கருவிகளின் வரலாற்றைப் பார்க்க நேர்ந்தது. அதற்கும் முன்னால் நம் காப்பியங்கள் இரண்டைத் திறக்க வேண்டியதாயிற்று.

முதலாவது சிலப்பதிகாரம். அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் மாதவி ஆடிய அரங்கை அளந்தே காட்டுகிறார். அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். அந்தக் கோலின் நீளம் இருபத்துநான்கு விரல். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி எனத் திரைகள் மூன்று, வாயில்கள் இரண்டு. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை நிறுத்திய இடம்கூடச் சொல்லப்படுகிறது. ஒரு நல்ல தச்சரிடம் இந்தக் காதையைக் கொடுத்தால் அரங்கைக் கட்டி முடித்துவிடுவார். ஆனால் அன்று அந்த அரங்கில் எழுந்த ஓசை? யாழாசிரியனும் குழலாசிரியனும் தண்ணுமை ஆசிரியனும் எப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்பது தெரிகிறது. அவர்கள் வாசித்தது நம் காதில் விழவில்லை. அந்தப் பண்களை ஏட்டிலிருந்து மீட்டெடுக்க ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தையும், விபுலாநந்த அடிகள் 1947-இல் யாழ்நூலையும் வெளியிட்டார்கள். எத்தனை ஆண்டு உழைப்பு! கால் மணி நேர ஒலிப்பதிவு ஒன்று இருந்திருந்தால் அவ்வுழைப்பில் பெரும்பகுதி வேறு வேலைக்குப் போயிருக்கும்.

இரண்டாவது சீவக சிந்தாமணி. காந்தருவதத்தை யாழ் மீட்டிப் பாடுகிறாள். அப்போது அவள் புருவம் ஏறவில்லை, கண் அசையவில்லை, கழுத்து விம்மவில்லை, பல் வெளியே தெரியவில்லை என்கிறார் திருத்தக்கதேவர். பாடுவது இவள்தானா என்றே கேட்டவர்கள் ஐயுறுகிறார்கள். வகுப்பில் இந்தச் செய்யுளை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பது வழக்கம்; அவர்கள் அறிந்த பாடகர்களின் முகம் நினைவுக்கு வந்துவிடுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் சங்கீத ரத்னாகரத்தில் பாடகரின் குற்றங்கள் என இருபத்தைந்தைத் தொகுத்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு பாடுவதும், வாயை அச்சம் தரும்படி அகலத் திறப்பதும், கழுத்தைக் கோணுவதும் அவற்றில் அடங்கும். ஆக, கண்ணுக்கு எதுவும் கொடுக்காமல் காதுக்கு எல்லாவற்றையும் கொடுப்பவரே நல்ல பாடகர் என்பது பழைய இலக்கணம். காந்தருவதத்தையைப் படம் பிடித்தால் அசையாத ஒரு முகந்தான் மிஞ்சும். அவளுடைய கலை முழுமையாக வந்து சேரக்கூடிய வடிவம் ஒலிப்பதிவுதான்.

சிலம்பு நமக்கு விட்டுச்சென்றது அரங்கு, ஓசை போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஓசை தங்கிவிட்டது; அரங்கு போயிற்று.

1902-இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியார் பதிவைத் தொடங்கியபோது அவர்கள் பதிந்தது கச்சேரியை அன்று. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். கேட்பவர் எவருமில்லாத அறையில், குழாயின் வாயை நோக்கி, கடிகாரத்துக்கு அஞ்சிப் பாட வேண்டும். 1925-க்குப் பிறகு மைக் வந்து ஒலி தெளிந்ததே தவிர நேரம் நீளவில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஊர் ஊராகப் பரவியது இந்தத் தட்டில்தான். கோயில் வீதியில் இரவெல்லாம் நீண்ட தோடியைக் கேட்டவர்கள் அந்தத் தட்டைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்கள்? கடலைச் செம்பில் மொண்டு தந்தது போலத் தோன்றியிருக்கலாம். ஆயினும் இன்று நம்மிடம் இருப்பது அந்தச் செம்புதான்.

கச்சேரி கச்சேரியாகவே பதிவானதற்கு இரண்டு வாசல்கள் திறக்க வேண்டியிருந்தது. ஒன்று வானொலி. 1938 ஜூன் 16 அன்று சென்னை நிலையம் தொடங்கிற்று. திருவையாற்று ஆராதனை வீட்டுக் கூடத்துக்கு வந்தது. மற்றொன்று ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வசதியுள்ள ரசிகர் வீடுகளில் புகுந்த ஸ்பூல் ரெக்கார்டர். ஏழு அங்குலச் சக்கரத்தில் 1200 அடி நாடா. விநாடிக்கு மூன்றேமுக்கால் அங்குல வேகத்தில் ஓடவிட்டால் ஒரு பக்கத்துக்கு 64 நிமிடம். அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் வகுத்த மூன்று மணி நேரக் கச்சேரிக்கு ஒன்றரைச் சக்கரம் வேண்டும். நாடாவைத் திருப்பும் நேரத்தில் எது அகப்பட்டதோ அது போயிற்று. நாடாவைச் சிக்கனப்படுத்த வேண்டித் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கருவியை நிறுத்தியவர்கள் பலர். அந்தப் புண்ணியவான்களை மிருதங்க ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இப்படிச் சேர்ந்த நாடாக்கள் இல்லையென்றால் ஒரு தலைமுறையையே நாம் அறிந்திருக்க மாட்டோம். ஜி.என். பாலசுப்ரமணியம் 1965-லும், அரியக்குடி 1967-லும், மதுரை மணி ஐயர் 1968-லும் மறைந்தார்கள். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்தது 1975 ஆகஸ்டு 15-இல். 1940-இல் சகுந்தலை படத்தில் துஷ்யந்தனாக நடித்த ஜி.என்.பி.யைக்கூட, கச்சேரி மேடையில் நாம் கேட்கத்தான் முடியும். 1984-இல் மறைந்த எம்.டி. ராமநாதனின் பெயர் அவர் காலத்துக்குப் பின் வளர்ந்ததும் பெரும்பாலும் வானொலிப் பதிவுகளாலும் கைமாறிய நாடாக்களாலுந்தான். அவருடைய விளம்ப காலப் பாட்டில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடங்கள் உண்டு. ஒலியாகக் கேட்கும்போது அந்த இடங்களில் நாமும் மூச்சை நிறுத்திக் காத்திருக்கிறோம். காணொளியில் அதே இடம் வரும்போது படக்கருவி சும்மா இருப்பதில்லை. மிருதங்கக்காரரைக் காட்டும், கடத்தைக் காட்டும், முன்வரிசையில் விசிறிக்கொள்ளும் பிரமுகரைக் காட்டும். இடைவெளியைப் பொறுத்துக்கொள்வது கண்ணுக்கு எளிதன்று.

நமது குறையே இதுதான். இரண்டு மூன்று படக்கருவிகளை வைத்து எடுக்கப்படும் கச்சேரியில், எந்த நொடியில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வேறொருவர் தீர்மானிக்கிறார். பாடகரின் சங்கதிக்கு வயலின் பதில் சொல்லும்போது திரையில் பாடகரின் முகமே இருக்கும். முகம் இருக்கும் பக்கமே நம் கவனமும் சாயும். ஒலிப்பதிவிலும் ஒருவர் மைக்கை வைத்திருக்கிறார், கூட்டிக் குறைத்திருக்கிறார், மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒலித்துக்கொண்டிருக்கும் ஐந்தில் எதைப் பின்தொடர்வது என்ற உரிமை கேட்பவரிடமே இருக்கிறது. இன்று தம்பூராவை மட்டும் கேட்கலாம். நாளை அதே பதிவில் தொடையில் விழும் தாளத் தட்டை மட்டும் கேட்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், 2005-க்குப் பின் யூடியூபில் ஏறிய பழங்கச்சேரிகளில் எத்தனையோ பெயருக்குத்தான் காணொளி. வித்வானின் புகைப்படம் ஒன்று திரையில் அசையாமல் நிற்கும். நாடாவின் ஒலி மூன்று மணி நேரம் ஓடும். காந்தருவதத்தை மறுபடி பிறந்துவிட்டாள் என்றே நினைத்துக்கொள்வோம்.

ஒலிநாடாவைக் குற்றமற்றது என்று சொல்லவும் முடியாது. கருவியின் வேகம் சற்றுப் பிசகினால் சுருதியே மாறிவிடும். ஒன்றரைக் கட்டையா இரண்டா என்று நண்பர்கள் மணிக்கணக்கில் வழக்காடியதைக் கண்டிருக்கிறோம். பல்லாண்டு சுற்றியே கிடந்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றிலும் மெல்லப் படிந்துவிடும். பாடகர் பல்லவியை எடுப்பதற்கு ஒரு நொடி முன்னால் அதே பல்லவி எங்கோ தூரத்தில் கேட்கும். அறியாதவர்கள் அதை எதிரொலி என்பார்கள்.

ஒலி தோற்கும் இடமும் உண்டு. கையால் ஆகும் காரியங்கள் அது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தில் என்ன கேட்டது என்பது நாடாக்களில் இருக்கிறது. விரல் எங்கே விழுந்தது, எவ்வளவு அழுந்தியது என்பதை நாடா சொல்லாது. கற்கும் மாணவருக்கு அந்த இழப்பு சிறியதன்று. நாட்டியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாலசரஸ்வதியைச் சிறுவனாக இருந்தபோது 1935-இல் கல்கத்தாவில் பார்த்த சத்யஜித் ராய், அவரைப் பற்றிய 'பாலா' ஆவணப்படத்தை முடித்தது 1976-இல். அப்போது அவருக்கு வயது 58. அந்த வயதில் எடுத்தது, எடுக்காமலே விட்டதைவிட மேல் என்பதுதான் ராய் சொன்ன நியாயம். அதற்கு மேல் ஒரு நியாயம் தேவையில்லை. பாலசரஸ்வதி பாடிய பதங்களைத் தனியே ஒலியாகக் கேட்டு நாம் மகிழ்ந்ததுண்டு. ஆடிக்கொண்டே பாடியவரின் கையையும் கண்ணையும் காணாதவன் பாதியைத்தான் கேட்டான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இருந்தும், அந்தப் படத்தில் ராயே அவரை ஒரு பாட்டுக்குக் கடற்கரையில் ஆடவைத்தார். படம் என்று வந்துவிட்டால் அரங்கு போதாமல் போகிறது போலும்.

1977-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி கார்னகி அரங்கில் பாடிய கச்சேரி இசைத்தட்டாக வந்தது. பிற்காலத்தில் சார்சூர் நிறுவனம் மார்கழிக் கச்சேரிகளைக் குறுந்தகடுகளாக வெளியிட்டபோது அவை அரங்கின் ஓசையோடு வந்தன. அந்தக் கைத்தட்டலின் மதிப்பு நமக்குத் தெரிந்தது 2020 டிசம்பரில். தொற்றுநோயால் அரங்குகள் மூடிக்கிடக்க, மியூசிக் அகாதெமி உட்படச் சபைகள் இணையத்தில் விழா நடத்தின. படம் துல்லியம், ஒலியும் துல்லியம். பெரிய சங்கதி ஒன்று வந்து விழுந்த பிறகு, எதிரே எவருமில்லாததால் பக்கவாத்தியக்காரர்களே தலையசைத்துக்கொண்டார்கள். 78 சுற்று இசைத்தட்டின் அறைக்கு மறுபடி போய்விட்டோம் என்று தோன்றிற்று.

நம் வீட்டுக் கதை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பெரியப்பாவிடம் ஸ்பூல் ரெக்கார்டர் இருந்தது. அவர் காலமான பிறகு பதினொரு நாடாக்கள் தகரப் பெட்டி ஒன்றில் எங்களிடம் வந்தன. சில ஆண்டுகளுக்கு முன், விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு அவற்றைக் கணினிக்கு மாற்றத் தொடங்கினோம். ஒன்றில் 1969-ஆம் ஆண்டு எங்கள் ஊர்க் கோயில் உற்சவத்தில் நடந்த கச்சேரி. வித்வானின் பெயர் அட்டையில் அழிந்துவிட்டது; முதல் வரிசை வித்வான் அல்லர் என்பது கேட்டாலே தெரியும். கல்யாணி ஆலாபனையில் ஒரு குழந்தை அழுகிறது. தூரத்தில் ரயில் போகிறது. தார ஸ்தாயி காந்தாரத்தில் அவர் நின்ற இடத்தில், மைக்குக்கு வெகு அருகில் ஓர் இளைஞரின் குரல் 'பேஷ்' என்கிறது; உடனே ஓர் இருமல்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றார். "உங்க அப்பாடா" என்றார். 1969-இல் அவர்களுக்குத் திருமணம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த இருமலோடு முப்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். கல்யாணியை விட்டுவிட்டு அந்த இடத்தை மட்டும் மூன்று முறை போடச் சொன்னார்.

அந்தக் கச்சேரியை அன்று யாரேனும் படம் பிடித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று தம்பி கேட்டான். விடை வீட்டிலேயே இருந்தது. அதே உற்சவத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று பெரியப்பாவின் பெட்டியில் கிடந்தது. பாடகர் வாய் திறந்திருக்கிறார், வயலின்காரர் குனிந்திருக்கிறார், பின்னால் வாழைமரம் கட்டிய பந்தற்கால். படம் எடுத்தவர் சபைக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறார். கேட்டவர் எவருமே அதில் இல்லை.

பதினொன்றில் ஏழு நாடாக்கள் மாற்றியாகிவிட்டன. மூன்றில் பூஞ்சை, துடைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் அந்த நண்பர். ஒன்றின் அட்டையில் எதுவும் எழுதப்படவில்லை.