பியருக்கு வரும் காய்ச்சல்

ஜெர்மன் பியர் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் நேராக 1516-க்குப் போய்விடுவார்கள். தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் தவிர வேறெதுவும் பியரில் சேர்க்கக் கூடாது என்று பவேரியாவில் போட்ட தூய்மைச் சட்டம் இன்றும் பாட்டில் லேபிள்களில் பெருமையாக அச்சாகிறது. எனக்கென்னவோ 1553-தான் அதைவிட சுவாரசியமான வருடமாகப் படுகிறது. அந்த வருடம் பவேரியாவை ஆண்ட ஐந்தாம் ஆல்பிரெக்ட் இன்னொரு ஆணை போட்டார். ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாளிலிருந்து செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாள் வரை யாரும் பியர் காய்ச்சக் கூடாது. அதாவது, மனுஷனுக்குத் தாகம் எடுக்கிற ஐந்து மாதமும் ஆலையின் அடுப்பு அணைந்தே கிடக்க வேண்டும். இந்தத் தடை நீங்கியது 1850-ல்தான். கிட்டத்தட்ட 300 வருடம்.

காரணம் எளிமையானது. கோடையில் காய்ச்சிய பியர் கெட்டுப்போனது. ஏன் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. ஈஸ்ட் ஓர் உயிர் என்பதே அப்போது தெரியாது. 1516 சட்டத்தின் பட்டியலில் ஈஸ்டுக்கு இடமே இல்லை. குளிர்காலத்தில் காய்ச்சினால் நன்றாக வருகிறது, வெயில் காலத்தில் புளித்து நாறுகிறது, அவ்வளவுதான் அனுபவம். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் நாட்காட்டியே அந்த வேலையைப் பார்த்தது.

இங்கே லாகர் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, அந்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு ஈஸ்ட் சேர்த்தால் நொதிக்கத் தொடங்கும். ஏல் வகை ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை சௌகரியம். சில நாட்களில் வேலையை முடித்துவிடும். லாகர் ஈஸ்ட் அப்படியில்லை. 8 முதல் 12 டிகிரிக்குள் ஒன்றிரண்டு வாரம் நிதானமாக வேலை செய்யும். பிறகு பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். ஜெர்மனில் லாகர் என்றால் கிடங்கு, சேமித்து வைக்கும் இடம். அந்தக் காத்திருப்பே பியரின் பெயராகிவிட்டது.

இதில் வில்லங்கம் என்னன்னா, நொதித்தலே சூட்டைக் கிளப்பும். சர்க்கரையைத் தின்னும் ஈஸ்ட், ஆல்கஹாலோடும் கரியமில வாயுவோடும் சூட்டையும் சேர்த்தே வெளியே விடுகிறது. சூடு ஏறினால் இன்னும் வேகமாகத் தின்னும். வேகமாகத் தின்றால் இன்னும் சூடு. அறை 10 டிகிரியில் இருக்கிறது என்பதற்காக வாளிக்குள்ளும் 10 டிகிரிதான் என்று நம்ப முடியாது. பாத்திரம் பெரிதாகப் பெரிதாக நிலைமை மோசம், ஏனென்றால் கொள்ளளவு பெருகும் அளவுக்கு வெளிப்பரப்பு பெருகுவதில்லை. உள்ளே இருக்கும் சூடு வெளியே போக வழி குறைகிறது. தமிழில் பியரைக் 'காய்ச்சுவது' என்கிறோம். காய்ச்சி ஆறவைத்த பிறகு அதற்கு இரண்டாவதாக ஒரு காய்ச்சல் வருகிறது. அதை இறக்க மனிதர்கள் பட்ட பாடுதான் லாகரின் வரலாறு.

1553 ஆணைக்கு யாரும் எதிர்பார்க்காத ஒரு விளைவு இருந்தது. பால் உறைய முந்தைய நாள் மோரை ஊற்றுகிற மாதிரி, பழைய தொட்டியின் அடியில் படிந்த வண்டலை எடுத்துத்தான் புதுத் தொட்டியில் போட்டார்கள். குளிரில் மட்டுமே காய்ச்ச வேண்டும் என்றானபோது, குளிரில் தூங்கிப்போகிற ஈஸ்ட் மெல்ல மெல்லத் தோற்றது, தாங்குகிற ஈஸ்ட் நிலைத்தது. ஓர் அரசாணை தலைமுறை தலைமுறையாக ஒரு நுண்ணுயிரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது.

அந்த ஈஸ்ட் ஒரு கலப்பினம். ஒரு பெற்றோர், ரொட்டிக்கும் ஏலுக்கும் பயன்படும் வழக்கமான ஈஸ்ட். இன்னொரு பெற்றோர் யார் என்று ரொம்ப நாள் தெரியாமலே இருந்தது. 2011-ல் தியேகோ லிப்கைண்ட் குழு அதை எங்கே கண்டுபிடித்தது தெரியுமா? தென்னமெரிக்காவின் பத்தகோனியாக் காடுகளில், மரங்களில் முளைத்திருந்த இனிப்பான பூஞ்சைக் கட்டிகளில். சக்காரோமைசஸ் யூபயானஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு திபெத்தில் கிடைத்தது. 2022-ல் ஒருவழியாக ஐரோப்பாவிலும், டப்ளின் பல்கலைக்கழக வளாகத்து மண்ணில். இந்தக் கலப்பு மியூனிக் அரண்மனை ஆலையில் 1600-களின் தொடக்கத்தில் நடந்திருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஒரு ஆய்வு சொல்கிறது. 1602-ல் கோதுமை பியர் காய்ச்சும் தனியுரிமை ஆட்சியாளர் மாக்சிமிலியன் கைக்கு வந்தது, கோதுமை பியரின் ஈஸ்ட் மியூனிக்குக்கு வந்தது, அங்கே குளிர் ஈஸ்ட்டோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தது என்பது அவர்கள் வாதம். கருதுகோள்தான். ஆனால் எனக்குப் பிடித்த கருதுகோள்.

கோடையில் காய்ச்சக் கூடாது சரி, குடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. எனவே மார்ச் மாதத்திலேயே கொஞ்சம் கெட்டியாக ஒரு பியரைக் காய்ச்சி, கோடை முழுக்கத் தாங்குகிற மாதிரி சேமித்தார்கள். மேர்ட்சன், மார்ச் பியர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். சேமிக்க ஆழமான நிலவறைகள் வேண்டும். மியூனிக்கில் இசார் ஆற்றின் மேட்டுக் கரையைத் தோண்டி அவற்றை அமைத்தார்கள். குளிர்காலத்தில் குளங்களிலிருந்து பனிக்கட்டியை அறுத்து வந்து உள்ளே அடுக்கினார்கள். மேலே வெயில் படக் கூடாது என்று சரளைக்கல் பரப்பி, அகன்ற இலை கொண்ட குதிரைச் செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். அதன் வேர் ஆழமாக இறங்காது, கீழே இருக்கும் வளைவுக் கூரையைப் பிளக்காது. நிழலும் குளிர்ந்த பியரும் ஒரே இடத்தில் கிடைத்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நகரத்து விடுதிக்காரர்கள் வியாபாரம் போச்சே என்று மன்னரிடம் முறையிட, 1812 ஜனவரி 4-ல் முதலாம் மாக்சிமிலியன் ஜோசப் ஒரு சமரசம் செய்தார்: நிலவறை வாசலில் பியர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர வேறு சாப்பாடு கூடாது. மியூனிக்கின் பழைய பியர் தோட்டங்களுக்கு இன்றும் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம் என்கிற வழக்கம் அங்கிருந்து வருவது. சுற்றுலாப் பயணிகள் விழுந்து விழுந்து படமெடுக்கும் அந்த மரநிழல், உண்மையில் இருநூறு வருடத்துக்கு முந்தைய இன்சுலேஷன்.

நிலவறை அறையைத்தான் குளிர்வித்தது. தொட்டிக்குள் எழும் சூட்டுக்கு வேறு வழி வேண்டும். அதற்கு 'நீந்துபவன்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: பனிக்கட்டி நிரப்பிய உலோகப் பாத்திரம், நொதிக்கும் பியரின் மேல் மிதக்கும். உருக உருக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரி ஒருவர் தூங்கிவிட்டால் ஒரு தொட்டி பியர் போச்சு.

மியூனிக்கில் என் கீழ்வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர். குளிர்காலத்தில் கட்டடத்து நிலவறையில் 20 லிட்டர் லாகர் காய்ச்சுவார். தண்ணீர்த் தொட்டிக்குள் வாளியை வைத்து, ஃப்ரீசரில் உறைய வைத்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சுற்றிலும் மிதக்கவிட்டு, காலையும் மாலையும் மாற்றுவார். 'நீந்துபவன்' வெளிப்பக்கம் வந்துவிட்டான், வேறு வித்தியாசமில்லை. போன வருடம் ஒரு தொகுதி, பாப்கார்ன் வெண்ணெய் மாதிரி மணந்தது. அதற்குப் பெயர் டயாசெட்டில். ஈஸ்ட் வேலை செய்யும்போது அது உருவாகும். கடைசியில் ஈஸ்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்குள் அவசரப்பட்டுக் குளிரவைத்தால் ஈஸ்ட் தூங்கிவிடும், வெண்ணெய் வாசனை பியரிலேயே தங்கிவிடும். நொதித்தல் முடியும் தறுவாயில் 16, 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு, அப்புறம் குளிரவைக்க வேண்டும். "குளிர் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க. எப்போ வேணாம்னு யாருமே சொல்லலை" என்று அங்கலாய்த்தார்.

இப்போது பழைய டீப் ஃப்ரீசர் ஒன்றும் அதை இயக்கி நிறுத்தும் சின்னக் கருவி ஒன்றும் வாங்கிவிட்டார். அதன் வெப்ப உணரியை எங்கே வைப்பது என்பதிலேயே ஒரு வாரம் போனது. காற்றில் தொங்கவிட்டால், ஃப்ரீசருக்குள் இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து, இயந்திரம் நின்றுவிடும். 20 லிட்டர் பியர் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். வாளியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டி, மேலே ஸ்பாஞ்சு வைத்து மூடினால்தான் பியரின் உண்மையான சூடு தெரிகிறது. அறையின் வெப்பநிலை வேறு, பியரின் வெப்பநிலை வேறு என்கிற ஒற்றை உண்மையைத் தொழில் முழுக்க ஏற்றுக்கொள்ள எவ்வளவு காலம் பிடித்தது என்று அப்போது யோசித்தேன்.

பியர் ஆலைக்குள் தெர்மாமீட்டர் முதலில் நுழைந்தது இங்கிலாந்தில். லண்டனைச் சேர்ந்த மைக்கேல் காம்ப்ரூன் 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அதைப் பயன்படுத்தச் சொல்லிப் புத்தகம் எழுதிவிட்டார். மியூனிக் ஸ்பாட்டன் ஆலைக்காரரின் மகன் காப்ரியேல் செட்ல்மாயரும், வியன்னாவின் அன்டோன் ட்ரேயரும் 1833-ல் பிரிட்டன் முழுக்கச் சுற்றினார்கள். உள்ளே குழாயும் அடியில் வால்வும் வைத்த கைத்தடி ஒன்றை வைத்திருந்தார்கள். ஆலையைச் சுற்றிப் பார்க்கிற சாக்கில் தொட்டிக்குள் தடியை விட்டு மாதிரி எடுத்து, விடுதி அறைக்குப் போய் அளந்தார்கள். சுத்தத் திருட்டு. ஆனால் அளக்கும் பழக்கத்தோடு ஊர் திரும்பினார்கள். 1845-ல் அதே செட்ல்மாயர், டென்மார்க்கிலிருந்து வந்த ஜே. சி. ஜேக்கப்சனுக்குத் தன் ஈஸ்டைக் கொடுத்தார். கோபன்ஹேகன் வரை போகும் வழியில், வண்டி நிற்கும் இடமெல்லாம் ஜேக்கப்சன் இறங்கி ஈஸ்ட் பாத்திரத்துக்குக் குளிர்ந்த நீர் ஊற்றினார் என்று சொல்வார்கள். இரண்டு வருடம் கழித்து அவர் தொடங்கிய ஆலைதான் கார்ல்ஸ்பெர்க்.

இதெல்லாம் இருந்தும் அடிப்படைச் சிக்கல் அப்படியே இருந்தது: குளிர், வானத்திலிருந்து வர வேண்டும். குளிர்காலம் மிதமாகப் போனால் பனிக்கட்டி கிடைக்காது, பனிக்கட்டி இல்லையென்றால் அடுத்த கோடை நாசம். 19-ஆம் நூற்றாண்டில் பனிக்கட்டி உலகச் சரக்காகிவிட்டிருந்தது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த பனிக்கட்டி 1833-ல் கல்கத்தாவில் இறங்கியது. அதைச் சேமிக்கச் சென்னையில் 1842-ல் கட்டிய கட்டடத்தின் பெயரில்தான் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்கிறோம்.

இயற்கைக் குளிரோடு இருந்த இந்தக் கட்டாயத் திருமணத்தை முறித்தவர் கார்ல் லிண்டே. மியூனிக் பாலிடெக்னிக்கில் பேராசிரியர். குளிரூட்டும் இயந்திரங்கள் குறித்து 1870-ஐ ஒட்டி எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டு முதலில் அவரைத் தேடி வந்தவர்கள் பியர்க்காரர்கள்தான். 1873-ல் ஸ்பாட்டன் ஆலையில் முதல் இயந்திரத்தை வைத்துப் பார்த்தார்கள். மெத்தில் ஈதர் வாயுவில் ஓடியது. கசிவதும் தீப்பற்றும் ஆபத்தும் பெரிய தலைவலி. அடுத்ததற்கு அம்மோனியாவைப் பிடித்தார். 1877-ல் ட்ரேயர் நிறுவனத்தின் திரியெஸ்தே ஆலைக்குப் போன அந்த இயந்திரம் 1908 வரை ஓடியது. 1879-ல் லிண்டே பேராசிரியர் வேலையை விட்டுவிட்டுச் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1883-84 குளிர்காலம் பொய்த்துப்போக, அதுவரை யோசித்துக்கொண்டிருந்த ஆலைகள் எல்லாம் ஆர்டரோடு ஓடிவந்தன. நம் சமையலறை ஃப்ரிட்ஜின் கொள்ளுத்தாத்தா பால் கெடாமல் இருக்கப் பிறந்தவர் அல்ல, லாகர் கெடாமல் இருக்கப் பிறந்தவர். இதைச் சொன்னால் என் அம்மா நம்பவே மாட்டார்.

அதே 1883-ல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கினார். குளிரும் கையில், ஈஸ்டும் கையில். இனி லாகருக்கு ஊரும் பருவமும் தேவையில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு. ஊருக்கு ஊர் வேறுபட்ட பியர்கள் பல இடங்களில் ஒதுங்கிப்போய், உலகம் முழுக்க ஒரே மஞ்சள் லாகர் பரவியதற்கும் இந்த இரண்டு கண்டுபிடிப்புகளே வழிவிட்டன.

1890-ல் மணிலாவில் சான் மிகேல் ஆலை திறந்தது. சென்னையைவிட ஒன்றரை டிகிரிதான் வடக்கே இருக்கிற, வருடம் முழுக்கப் புழுங்குகிற ஊர். ஆலையின் ஒரு பகுதியே பனிக்கட்டித் தொழிற்சாலை. திறப்பு விழா நாள் செப்டம்பர் 29, பவேரியாவில் அடுப்பு மூட்ட அனுமதி கிடைக்கும் அதே புனித மிக்கேல் திருநாள்.