சயனைடு மலை

கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில், சுரங்கக் குடியிருப்புகளை ஒட்டி எழுந்து நிற்கும் மண்மேடுகளின் பொதுப்பெயர். ஆந்திர, தமிழக எல்லைகள் இங்கிருந்து தொலைவில்லை. மலை என்பது ஊர் வழக்கு. உண்மையில் இவை சுரங்கக் கழிவுக் குவியல்கள், மொத்தம் 13. உள்ளூர்த் தமிழர்கள் 'சயனைடு டம்ப்' என்றும் சொல்வார்கள்.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே கால்பதித்தது. வட ஆற்காட்டிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் வெட்டி அனுப்பிய பாறையை ஆலைகளில் இரும்பு உலக்கைகள் இடித்து மாவாக்கின. பாதரசம் தடவிய செப்புத் தகடுகளின்மேல் அந்தக் குழம்பை ஓடவிட்டால் தங்கம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் நுண்துகளாக இருந்த தங்கம் மணலோடு போய்விடும். 1887இல் கிளாஸ்கோவில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை பெற்ற முறை இந்த இழப்பைத் தடுத்தது: நீர்த்த சயனைடு கரைசலும் காற்றும் சேர்ந்தால் தங்கம் கரையும், துத்தநாகத்தைச் சேர்த்தால் திரும்பப் படியும். சிறிது காலத்தில் தங்கவயலும் இதைக் கைக்கொண்டது. தங்கம் போனபின் மிஞ்சிய சேற்றைக் கொட்டிக் கொட்டியே மேடுகள் வளர்ந்தன. பெயரும் அப்படி வந்ததுதான்.

சயனைடு என்ற சொல் கிரேக்கத்தில் கருநீலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. பிரஷ்ய நீலம் என்ற சாயத்திலிருந்துதான் இந்த வேதிப்பொருள் குடும்பம் முதலில் அறியப்பட்டது. மேடுகளிலோ நீலம் மருந்துக்கும் இல்லை. சாம்பலும் வெளிர்மஞ்சளும் கலந்த நிறம், மழை அரித்த ஆழமான பள்ளங்கள், பெரும்பகுதி புல்கூட முளைக்காத தரை.

பெயரைக் கேட்டு மிரள்பவர்கள் தவறான இடத்தில் பயப்படுகிறார்கள். வெயிலும் காற்றும் பட்டுச் சயனைடு பெருமளவு சிதைந்துவிடும். மாவாக அரைபட்ட சிலிக்காத் தூசி சிதையாது. காற்றுக் காலத்தில் வீடுகளுக்குள் வந்து படிவது அதுதான். நுரையீரலைக் கெடுக்கும் சிலிகோசிஸ் நோய்க்குக் காரணமும் அந்தச் சிலிக்காதான். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த எதிரி.

சுமார் 800 டன் தங்கம் தந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. மேடுகளில் கிடப்பதோ ஏறத்தாழ 3.3 கோடி டன் கழிவு. 2018இல் வெளிவந்த 'கே.ஜி.எஃப்' கன்னடப் படத்தின் காட்சிகள் இங்கே படமானபின் வெளியூர்க்காரர்களும் பெயரை அறிந்துகொண்டார்கள். மிச்சத் தங்கத்துக்காக, சுமார் 1,003 ஏக்கரில் பரவிய 13 மேடுகளையும் மீண்டும் தோண்டும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது.