பாட்டனைப் பெற்றவர் யார்?

பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலின் அவன் பெயரன் எனப்பட்டான். மூத்த மகனுக்குத் தந்தையைப் பெற்றவரின் பெயரை இடும் வழக்கம் நம்மவரிடை நெடுங்காலமாக உண்டு. எனவே முத்துசாமி மகன் இராமசாமி, இராமசாமி மகன் முத்துசாமி, மீண்டும் முத்துசாமி மகன் இராமசாமி என ஒரு குடும்பத்தின் பெயர்கள் ஊஞ்சல் போல் முன்னும் பின்னும் ஆடிவரும். வழிவழி வரும் குடும்பப் பெயர் இல்லாத குறையை இவ்வழக்கம் ஓரளவு நிறைவு செய்கின்றது. ஆனால், முன்னோரைத் தேடுவோரை அதுவே மயங்கவும் வைக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்த ஒருவருக்குத் தாய் தந்தையர் யாவர் என்பதை ஐயமறக் காண்பது எங்ஙனம்? அதனையே ஈண்டு ஆராய்வோம்.

தந்தை பெயர் தாங்கிய ஏடுகள்

ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் சென்ற நாடுகளுள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் குறிப்பிடத்தக்கது. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் நேட்டாலில் இறங்கினர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. அவ்வெண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலின் அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. மொரிசியசுத் தீவிலோ, 1860-களிலிருந்து குடியேறியோரின் நிழற்படங்களும் சேர்த்து வைக்கப்பட்டன.

இவ்வேடுகள் பெருஞ்செல்வம். எண்ணை அறிந்த கொள்ளுப்பேரன் தன் முன்னோரின் தந்தை பெயரையும் ஊரையும் ஒரே வரியில் கண்டுகொள்ளலாம். ஆயினும் அவ்வரியை அப்படியே நம்பிவிடலாகாது. பெயரை எழுதியவர் காதால் கேட்டபடி ஆங்கில எழுத்தில் எழுதினார். வயதோ உத்தேசமானது. பெற்றோரை இழந்து உறவினர் கையில் வளர்ந்தவர், வளர்த்தவர் பெயரையே தந்தை பெயராகச் சொல்லியிருக்கவும் கூடும். இவை எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. தந்தைக்குக் கட்டம் வகுத்த அவ்வேட்டில், தாய்க்குக் கட்டமே இல்லை!

மலாயாவில் என்ன செய்வது?

மலாயாவில் 1910-இல் ஒப்பந்த முறை ஒழிந்தது. அதற்கு முன்னரே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. கங்காணி வழி வந்தவர்க்கு எழுத்து ஒப்பந்தம் கிடையாது. எனவே நேட்டாலில் உள்ளது போன்ற ஒற்றை வரியை அவர் பொருட்டு எதிர்பார்த்தல் இயலாது. ஆனால் அம்முறையிலேயே ஒரு தடயம் ஒளிந்துள்ளது. கங்காணி தன் சொந்த ஊருக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் சென்று, உற்றாரையும் ஊராரையுமே பெரும்பாலும் அழைத்து வந்தார். ஆகவே பாட்டனின் ஊர் மறந்துபோயிருப்பினும், அவரை அழைத்து வந்த கங்காணியின் ஊர் யாருக்கேனும் நினைவிருப்பின் அதுவே முதற்படி. அடுத்த படி குலதெய்வம். ஊர்ப் பெயரை மறந்தவர்களும் குலதெய்வத்தின் பெயரை மறப்பதில்லை. ஊர் தெரிந்துவிட்டால், அங்குள்ள பழைய நிலப் பத்திரங்கள் 'இன்னார் மகன் இன்னார்' என்றே பேசும்.

கத்தோலிக்கக் குடும்பத்தினர்க்கு வேறொரு நல்வாய்ப்பும் உண்டு. ஞானத்தீட்சை ஏட்டில் குழந்தையின் தந்தை, தாய், ஞானப்பெற்றோர் ஆகியோர் பெயர்கள் ஒருங்கே இடம்பெறும். சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென 1888-இல் எழுந்த லூர்து மாதா ஆலயம் போன்ற பழந்திருச்சபைகளின் வழி வந்தோர் இதனை முதலில் நாடுதல் வேண்டும்.

தாயைக் காட்டும் தாய்மாமன்

ஏடு மறந்த தாயை நம் சடங்கு மறக்கவில்லை. காது குத்தும்போது குழந்தையை மடியில் வைத்திருந்தவர் யார்? பெண் பூப்பெய்தியபோது சீர் கொணர்ந்தவர் யார்? பாட்டி இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடி எந்த ஊரிலிருந்து வந்தது? இவ்வினாக்களைக் கேட்டால், எழுதப்படாத தாய்வழி தானே வெளிப்படும். பழைய மொய்க் குறிப்பேடு ஒன்று வீட்டில் கிடைத்தால், தாய்மாமன் முறையில் எழுதியவர் பெயரும் ஊரும் அதில் இருத்தல் கூடும்.

இங்கும் விழிப்பு வேண்டும். நம் உறவுப் பெயர்கள் பலரை ஒருங்கே குறிப்பன. 'தாத்தா' என்றால் தந்தையைப் பெற்றவரும் ஆவார். அவருடன் பிறந்தவரும் ஆவார். 'மாமன்' என்றால் தாயுடன் பிறந்தவர், பெண் கொடுத்தவர், அத்தையை மணந்தவர் என மூவரும் ஆவர். மாமன் மகளை மணக்கும் வழக்கத்தால் ஒருவரே இரு முறையாகவும் இருத்தல் உண்டு. எனவே, "மடியில் வைத்த மாமனா, பெண் கொடுத்த மாமனா?" எனப் பிரித்துக் கேட்டல் வேண்டும்.

ஒரு சான்று மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் தகாது. ஓர் ஊரில் முத்துசாமி மகன் இராமசாமி இருவர் இருத்தல் அரிதன்று. பெயரும் தந்தை பெயரும் பொருந்திய பின்னரும், ஊர், குலதெய்வம், தாய்மாமன் குடும்பம் ஆகியவற்றுள் ஒன்றேனும் வேறு வழியாகப் பொருந்தினாலன்றி 'இவரே அவர்' என்று கூறலாகாது. முதியவர் இருவர் ஒன்றையே சொன்னாலும், ஒருவரிடம் கேட்டு மற்றவர் சொன்னாராயின் அது இரண்டு சான்று ஆகாது, ஒன்றே ஆகும்.

எதற்காக இத்தேடல்?

குலப்பெருமை பேசுவதற்கோ, பழைய ஏட்டின் சாதிக் கட்டத்தைத் தூசு தட்டி எடுப்பதற்கோ இத்தேடல் அன்று. கப்பலின் அடித்தட்டில் ஒன்றாகக் கிடந்து, ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் நம் முன்னோர். அவர்களை மீண்டும் கூறுபோடுதல் நன்றியாகாது. எண்ணாகவும் ஆளாகவும் கணக்கெழுதப்பட்டவர்களை, தாயும் தந்தையும் உடைய மக்களாக மீட்டுத் தருவதே இதன் பயன். பிறப்புப் பத்திரம் இன்மையால், 1957-க்குப் பின் குடியுரிமை பெற இயலாது தலைமுறை தலைமுறையாக இடர்ப்பட்டோர் நம் தோட்டங்களில் பலர். பெற்றோர் பெயர் எழுதப்படாமையின் விலையை நம்மினும் அறிந்தவர் யார்?

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை ஆண்டுதோறும் எழுதும் ஆசிரிய நண்பர்கட்கு ஒன்று கூறுவேன். ஐந்தாம் ஆறாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரையும் தாய் தந்தையர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர் ஆகிய அறுவர் பெயரையும் ஊரையும் வீட்டில் கேட்டு எழுதிவரச் செய்யுங்கள். அவற்றுள் மூன்று பெயர்கள் பெண்களுடையனவாக இருத்தல் வேண்டும். பாட்டியின் பெயர் தெரியாது என்னும் பிள்ளை, அன்று மாலையே அதனைக் கேட்டறியட்டும். சொல்லத்தக்க முதியவர் நம்மிடை இருக்கும்போதே இப்பணி முடிதல் வேண்டும்.