உயிர் (உயிரியல்)

உயிரியலில் உயிர் என்பது, தன்னைத்தானே பேணிக்கொள்ளுதல், வளர்தல், இனப்பெருக்கம் செய்தல், தூண்டல்களுக்கு விடையிறுத்தல் முதலிய செயல்களை ஆற்றும் பொருட்களை, அவற்றை ஆற்றாத பொருட்களிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் தன்மை ஆகும். இத்தன்மையைக் கொண்டவை உயிரினங்கள் அல்லது உயிரிகள் எனப்படுகின்றன. பாக்டீரியா, ஆர்க்கியா, பூஞ்சைகள், தாவரங்கள், விலங்குகள் முதலியன உயிரினங்கள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எனினும், உயிருள்ள அனைத்தையும் உள்ளடக்கி, உயிரற்ற அனைத்தையும் விலக்கக்கூடியதும், எல்லா அறிவியலாளர்களாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டதுமான வரைவிலக்கணம் எதுவும் இதுவரை உருவாகவில்லை.

பொதுப் பண்புகள்

வரைவிலக்கணத்துக்கு மாற்றாக, உயிரினங்களின் பொதுப் பண்புகளைப் பட்டியலிடுவதே பாடநூல்களின் வழக்கம். அவற்றுள் முதன்மையானவை பின்வருமாறு:

1. ஒழுங்கமைப்பு: உயிரினங்கள் அனைத்தும் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட உயிரணுக்களால் (கலங்களால்) ஆனவை.
2. வளர்சிதைமாற்றம்: சூழலிலிருந்து ஆற்றலையும் பொருட்களையும் பெற்று, அவற்றைத் தமது உடற்கூறுகளாக மாற்றுதலும், தேவையற்றவற்றைச் சிதைத்து வெளியேற்றுதலும்.
3. தன்னிலை காத்தல்: புறச்சூழல் மாறினும் அகச்சூழலை ஏறத்தாழ மாறாது வைத்திருத்தல். மனித உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியசில் பேணப்படுவது இதற்கு எடுத்துக்காட்டு.
4. வளர்ச்சி: உள்ளிருந்து பொருட்களை உருவாக்கி அளவிலும் அமைப்பிலும் விருத்தியடைதல்.
5. விடையிறுத்தல்: தொட்டாற்சுருங்கியின் இலைகள் தொட்டவுடன் மூடிக்கொள்வது போன்ற செயல்கள்.
6. இனப்பெருக்கம்: டி.என்.ஏ.யில் உள்ள மரபுத் தகவலை அடுத்த தலைமுறைக்குக் கடத்துதல்.
7. படிவளர்ச்சி: தலைமுறைகள் ஊடாக இயற்கைத் தேர்வினால் மாற்றமடைதல்.

பட்டியலின் குறைபாடுகள்

மேற்கண்ட பண்புகளுள் சில உயிரற்றவற்றிலும் காணப்படுகின்றன. தீ எரிபொருளை உட்கொள்கிறது, பரவுகிறது, கழிவை வெளியிடுகிறது. உப்புக் கரைசலில் படிகங்கள் வளர்கின்றன. ஆனால் இவற்றில் தலைமுறை தோறும் கடத்தப்பட்டு மாற்றமடையும் மரபுத் தகவல் இல்லை.

மறுபுறம், உயிருள்ளவை சிலவற்றில் இப்பண்புகளுள் ஒன்றோ பலவோ காணப்படுவதில்லை. கோவேறு கழுதைகள் பொதுவாக மலடானவை. ஆயினும் அவற்றின் உயிரணுக்கள் பிரிந்து பெருகுகின்றன. நீர்க்கரடிகள் வறண்ட நிலையில் வளர்சிதைமாற்றத்தை ஏறத்தாழ முற்றிலும் நிறுத்திவிட்டு, நீர் கிடைத்ததும் மீண்டும் இயங்கத் தொடங்குகின்றன. 2007 ஆம் ஆண்டில் விண்வெளியின் வெற்றிடத்தில் வைக்கப்பட்ட நீர்க்கரடிகளுள் சில உயிர் பிழைத்தன. இசுரேலில் மசாடா கோட்டையின் அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழமையான பேரீச்சை விதை ஒன்று 2005 ஆம் ஆண்டில் முளைத்தது. இவற்றைக் கருத்திற்கொண்டு, செயல்படும் நிலையோடு, செயல்படத்தக்க அமைப்பு சிதையாதிருக்கும் நிலையையும் உயிருள்ள நிலையாகவே கொள்ள வேண்டியுள்ளது.

தீநுண்மங்கள்

தீநுண்மங்கள் (வைரசுகள்) இவ்விவாதத்தின் மையமாக உள்ளன. இவை புரத உறையையும், அதனுள் டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ.யையும் கொண்டவை. உயிரணுவுக்கு வெளியே இவற்றில் வளர்சிதைமாற்றம் நிகழ்வதில்லை. 1935 ஆம் ஆண்டில் வெண்டல் இசுட்டான்லி, புகையிலைத் தேமல் தீநுண்மத்தைப் படிக வடிவில் பிரித்தெடுத்தார். நோயை உண்டாக்கும் ஒன்றை வேதிப்பொருள் போலப் படிகமாக்க முடிந்தமை பெரும் வியப்பை ஏற்படுத்தியது.

பிற உயிரணுக்களைச் சார்ந்திருப்பது மட்டுமே தீநுண்மங்களை விலக்கப் போதுமான காரணம் அன்று. கிளமிடியா போன்ற பாக்டீரியாக்களும் பிற உயிரணுக்களுக்குள் மட்டுமே பெருகுகின்றன. ஆனால் அவை புரதங்களை உருவாக்கும் ரைபோசோம்களைத் தாமே கொண்டுள்ளன. பிரிவதன் மூலம் பெருகுகின்றன. தீநுண்மங்களுக்கு ரைபோசோம்கள் இல்லை. ஓம்புயிரியின் உயிரணுவே அவற்றின் பாகங்களை உருவாக்கித் தருகிறது. அதே வேளை, தீநுண்மங்கள் மரபுத் தகவலைக் கொண்டிருப்பதுடன் இயற்கைத் தேர்வுக்கும் உட்படுகின்றன.

1992 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் அமீபா ஒன்றினுள் காணப்பட்ட நுண்பொருள், அதன் பருமன் காரணமாகப் பாக்டீரியா எனக் கருதப்பட்டது. அது மிமிவைரசு என்னும் தீநுண்மம் என்பது 2003 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அதன் மரபுத்தொகுதி ஏறத்தாழ 12 இலட்சம் காரச் சோடிகளைக் கொண்டது. இது சில பாக்டீரியாக்களின் மரபுத்தொகுதியை விடப் பெரியது.

கோட்பாட்டு வரைவிலக்கணங்கள்

இயற்பியலாளர் எர்வின் சுரோடிங்கர் 1944 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில், உயிரினங்கள் சூழலிலிருந்து ஒழுங்கைப் பெற்றுத் தமது ஒழுங்கைச் சிதையாது காக்கின்றன என விளக்கினார். சூழலின் ஒழுங்கின்மை இதனால் மிகுவதால், இது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்கு முரணானது அன்று.

1990களில் நாசா ஏற்றுக்கொண்ட செயல்முறை வரைவிலக்கணத்தின்படி, உயிர் என்பது டார்வினியப் படிவளர்ச்சிக்கு உட்படக்கூடிய, தன்னைத்தானே பேணும் வேதியியல் தொகுதி ஆகும். படிவளர்ச்சி தனி உயிரினத்தில் அல்லாது இனத்தொகையிலேயே நிகழ்வதால், இதன்படி தனி முயல் ஒன்றை உயிருள்ளது என்று கூற இயலாது என்பது இதன் மீதான திறனாய்வு.

உயிரணுவின் உயிரும் உடலின் உயிரும்

பல உயிரணுக்களாலான உடல் இறந்த பின்னரும் அதன் உயிரணுக்கள் உயிருடன் இருக்கக்கூடும். 1951 ஆம் ஆண்டில் இறந்த என்ரியேட்டா இலாக்சு என்னும் அமெரிக்கப் பெண்ணின் புற்றுநோய் உயிரணுக்கள் இன்றும் ஆய்வகங்களில் வளர்ந்துவருகின்றன. உறுப்பு மாற்று மருத்துவமும் இவ்வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டது. இந்தியாவில் 1994 ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டு இறப்பை இறப்பாக ஏற்கிறது. அதனால், இதயம் துடித்துக்கொண்டிருக்கும் நிலையிலேயே உறுப்புகளைக் கொடையாகப் பெற முடிகிறது.

வேற்றுலக உயிர்த் தேடல்

வரைவிலக்கணத்தின் தேவை பூமிக்கு அப்பால் உயிரைத் தேடும்போது மேலும் தெளிவாகிறது. 1976 ஆம் ஆண்டில் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் விண்கலங்கள், கதிரியக்கக் கரிமம் கலந்த ஊட்டக் கரைசலை மண்ணில் இட்டன. மண்ணிலிருந்து கதிரியக்க வளிமம் வெளிப்பட்டது. வளர்சிதைமாற்றமே உயிரின் அடையாளம் எனக் கொண்டால் இது உயிருக்கான சான்றாகும். ஆனால் மற்றொரு கருவி அம்மண்ணில் கரிமச் சேர்மங்களுக்கு உறுதியான சான்றைக் காணவில்லை. பெரும்பாலான அறிவியலாளர்கள் இவ்விளைவுக்கு மண்ணில் உள்ள ஆக்சியேற்றிகளே காரணம் எனக் கொள்கின்றனர். 2008 ஆம் ஆண்டில் பீனிக்சு விண்கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட்டு உப்புகளைக் கண்டறிந்தது இக்கருத்துக்கு வலுச்சேர்த்தது. ஒற்றைப் பண்பை மட்டும் கொண்டு உயிரை உறுதிசெய்ய இயலாது என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.