நன்றாகச் சாப்பிட்டும் மெலியும் கிழட்டுப் பூனை

பத்து வயதைத் தாண்டிய பூனை வழக்கத்தைவிட அதிகம் சாப்பிடுகிறது. ஆனாலும் தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுகிறது. ராத்திரியில் காரணமில்லாமல் கத்துகிறது, தண்ணீர் நிறையக் குடிக்கிறது, அடிக்கடி வாந்தி எடுக்கிறது. நமுனுகுல பக்கத்து லயங்களில் அரிசியையும் கோதுமை மாவையும் எலியிடமிருந்து காப்பாற்றுவது இந்தப் பூனைதான். அது மெலிந்தால் 'வயிற்றில் பூச்சி' அல்லது 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறோம். இரண்டுமே இல்லாமல், கழுத்திலுள்ள கேடயச் சுரப்பி, அதாவது தைரொயிட், அளவுக்கு மீறி வேலை செய்வதாகவும் இருக்கலாம்.

கழலை என்றதும் நமக்கு அயடீன் குறைபாடு ஞாபகம் வரும். இலங்கையில் உப்பில் அயடீன் சேர்ப்பது 1995இல் கட்டாயமானதே அதற்காகத்தான். பூனைக்கு வருவது வேறு. சுரப்பியில் உருவாகும் கட்டி தேவைக்கு மேல் ஹோர்மோனைச் சுரக்கிறது. உடல் ஓய்வே இல்லாமல் எரிபொருளை எரிக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. நூற்றில் 95க்கும் மேற்பட்ட பூனைகளில் இந்தக் கட்டி புற்றுநோய் அல்ல. நியூயோர்க் மிருக வைத்தியர்கள் இந்நோயை முதலில் விவரித்தது 1979இல்தான். அதனால் பழைய ஆட்களுக்கு இது தெரியாததில் வியப்பில்லை.

எடையைக் கவனியுங்கள். பூனையை ஒரு பையில் வைத்து தொங்கு தராசில் மாதம் ஒருமுறை நிறுத்தால் போதும். நான்கு கிலோ பூனை அரைக் கிலோ குறைவது, அறுபது கிலோ மனிதர் ஏழரைக் கிலோ குறைவதற்குச் சமம். அப்படிக் குறைந்தால் பதுளையில் அரச கால்நடை வைத்தியரிடம் காட்டலாம். மேலதிகப் பரிசோதனை தேவைப்பட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. இரத்தத்தில் டி4 அளவு பார்ப்பார்கள். ஆரம்பத்தில் அது சாதாரணமாகத் தெரியக்கூடும். அறிகுறி தொடர்ந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

மருந்து கார்பிமசோல் அல்லது மெதிமசோல். மனிதருக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். பெரும்பாலும் தினம் இரண்டு வேளை, ஆயுள் முழுக்க. ஆனால் வீட்டில் பாட்டியின் 'தைரொயிட் குளிசை' இருக்கிறதே என்று அதைக் கொடுத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் தைரொக்சின், சுரப்பு குறைந்தவர்களுக்கானது. பூனையின் நோயை அது கூட்டும். (பனடோலும் கூடாது. பூனைக்கு அது உயிர்கொல்லி.) மருந்து தொடங்கிய பின் சாப்பாடு வெறுத்தாலோ முகத்தைச் சொறிந்து புண்ணாக்கினாலோ வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கதிரியக்க அயடீன் ஊசி ஒன்றே பெரும்பாலான பூனைகளைக் குணமாக்கும். ஆனால் பூனையைத் தனிமைப்படுத்தி வைக்கும் சிறப்பு நிலையம் வேண்டும். தோட்டத்துக்கு அது எட்டாத வழி. அறுவைச் சிகிச்சையும் உண்டு. அயடீன் குறைத்த உணவு வேறெதையும் தொடாத பூனைக்கே பலன் தரும். எலி பிடித்து, கருவாட்டுத் தலை தின்னும் பூனைக்கு அது வீண் செலவு என்பதே என் எண்ணம்.

இன்னொரு சிக்கல் சிறுநீரகம். வேகமான இரத்த ஓட்டம் சிறுநீரகப் பழுதை மறைத்து வைத்திருக்கும். தைரொயிட் அடங்கியதும் அது வெளியே தெரியும். அதனால் மருந்து தொடங்கி இரண்டு, மூன்று வாரத்தில் டி4 உடன் சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும். பூனை திடீரென்று சுவரில் மோதினாலோ, வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருந்தாலோ, இரத்த அழுத்தம் கூடி விழித்திரை பிரிந்திருக்கலாம். அன்றைக்கே கொண்டு போங்கள்.