இருபத்து மூன்று வருஷம் காத்திருந்த மைக்ராஸ்கோப்

கிராஃபீன் கதை நம்மில் பலருக்குத் தெரிஞ்சதுதான். 2004-ல மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துல கைமும் நோவோசெலோவும் செல்லோடேப்பை வச்சு கிராஃபைட்டிலிருந்து ஓர் அணு தடிமன் அடுக்கை உரிச்சாங்க, 2010-ல நோபல் வாங்கினாங்க. நான் சொல்ல வந்தது அதுல அதிகம் பேசப்படாத ஒரு மேட்டர். கையில் இருப்பது ஓர் அடுக்கா, ரெண்டா, மூணான்னு எப்படி எண்றது? அடுக்கு கூடினா மின்குணமே மாறிடும், அதனால இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

வழக்கமான எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எலக்ட்ரான்களைப் பல ஆயிரம் வோல்ட்டில் விரட்டுவார்கள். அந்த வேகத்துக்கு ஓர் அணு தடிமன் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. மேற்பரப்பை மட்டும் பார்க்கணும்னா எலக்ட்ரான் மெதுவாகப் போகணும். 1927-ல டேவிசனும் ஜெர்மரும் மெதுவான எலக்ட்ரான்களை நிக்கல் மேல் அடித்து, அவை அலையாகச் சிதறுவதைக் காட்டினார்கள். ஆனால் அதில் கிடைப்பது புள்ளிக் கோலம். அணுக்கள் எப்படி அடுக்கியிருக்குன்னு சொல்லும், எந்த இடத்தில் என்ன இருக்குன்னு சொல்லாது.

அதைப் படமாகவே எடுக்கலாமேன்னு 1962-ல யோசித்தவர் எர்ன்ஸ்ட் பாவர். ஜெர்மன்காரர், அப்போது கலிஃபோர்னியாவின் சைனா லேக்கில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வேலை. ஐடியா எளிமையானது. மெதுவான எலக்ட்ரானை லென்ஸ் வழியா ஒழுங்கா ஓட்டிக்கிட்டுப் போக முடியாது. அதனால வேகமாகவே கொண்டுபோய், மாதிரிக்கு முன்னால் சடன் பிரேக் போட்டு, சில வோல்ட்டில் மெல்லத் தொட்டுத் திரும்ப வைத்து, மறுபடி வேகமூட்டிப் படமாக்குவது. பைபாஸில் பறந்து வந்து ஸ்டாப்பில் மட்டும் நிற்கிற பஸ் மாதிரி.

சொல்றது ஈஸி. பத்து லட்சத்தில் ஒரு டார் அழுத்தத்தில்கூட, ஏறக்குறைய ஒரு நொடியில் காற்று மூலக்கூறுகள் மேற்பரப்பை மூடிவிடும். அதைவிடப் பல ஆயிரம் மடங்கு நல்ல வெற்றிடம் வேணும். பாவர் 1969-ல ஜெர்மனியின் கிளவுஸ்தாலுக்குப் போனார். அங்கே வுல்ஃப்காங் டெலீப்ஸோடு சேர்ந்து உருப்படியாகப் படம் எடுத்த வருஷம் 1985. சிலிக்கான் மேற்பரப்பு சூட்டில் உருமாறுவதை நேரடியாகப் பார்த்தார்கள். நடுவில் 23 வருஷம்! நம்ம மேனேஜரிடம் இப்படி ஒரு எஸ்டிமேட் கொடுத்துப் பாருங்க.

கிராஃபீனுக்கு வருவோம். 2008-ல ஜப்பானின் என்டிடி ஆய்வுக்கூடத்தில் ஹிபினோ குழு, சிலிக்கான் கார்பைடு மேல் வளர்ந்த அடுக்குகளை இந்தக் கருவியில் பார்த்தது. 4 எலக்ட்ரான் வோல்ட்டில் எலக்ட்ரானின் அலைநீளம் சுமார் 0.6 நானோமீட்டர், கிராஃபீன் அடுக்குகளின் இடைவெளி 0.335. ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதனால் அடுக்குகளுக்குள் போய்வரும் அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் விளையாடும், தண்ணீர் மேல் எண்ணெய் வானவில் காட்டுவது போல. எலக்ட்ரானின் ஆற்றலை மெல்லக் கூட்டிக்கொண்டே போனால், திரும்பி வரும் அளவில் பள்ளங்கள் விழும். ஓர் அடுக்குக்கு ஒரு பள்ளம், ரெண்டுக்கு ரெண்டு, மூணுக்கு மூணு. பள்ளத்தை எண்ணினால் போதும், முடிஞ்சது வேலை.

1962-ல பாவர் கிராஃபீனுக்காக இதை யோசிக்கவில்லை. 'இதனால என்ன பிரயோஜனம்?'னு அப்போதே யாராவது கேட்டு இழுத்து மூடியிருந்தால், 2008-ல பள்ளங்களை எண்ண இந்தக் கருவியே இருந்திருக்காது. பயன் தெரிஞ்ச பிறகுதான் காசு கொடுப்போம் என்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லணும்.