பீரோவுக்குள் இருந்த கல்யாண கேசட்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய வீடியோ கேசட் வைத்திருப்பவர்களாவது பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

என் தம்பியின் கல்யாணம் 1993 தை மாதம் ஓசூரில் நடந்தது. பத்திரிகையில் "ஓசூர், தர்மபுரி மாவட்டம்" என்றுதான் இருக்கும். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரியில்தான். அந்தக் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தோம். எங்கள் குடும்பத்தில் வீடியோ எடுத்த முதல் விசேஷம் அது. அப்பா 1996-இல் போனார், அம்மா 1999-இல் போனார்கள். அம்மாவின் புகைப்படம் ஏழெட்டு இருக்கிறது. குரல் வேறு எதிலும் இல்லை. அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்க வேண்டும். அதைத் தேடிப் போன கதைதான் இது. அதற்கு முன்னால் இந்தக் கேசட் நம் ஊருக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் மனசு ஆறும்.

ஜப்பானில் சோனி கம்பெனி 1975-இல் பீட்டாமேக்ஸ் கேசட்டைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே ஜேவிசி கம்பெனி வி.எச்.எஸ். கேசட்டைக் கொண்டுவந்தது. பீட்டாவில் படம் இன்னும் தெளிவு என்பார்கள். ஆனால் ஆரம்பத்தில் அதில் ஒரு மணி நேரம்தான் பதியும், வி.எச்.எஸ்.ஸில் இரண்டு மணி நேரம். பிறகு நம் பக்கம் வந்த வி.எச்.எஸ். கேசட்டில் "இ-180" என்று போட்டிருக்கும். 180 நிமிடம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒரே கேசட்டில் அடங்கிவிடும். நம் ஊரில் எது ஜெயிக்கும் என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டுமா என்ன!

இந்தியாவில் கலர் டிவி வந்தது 1982-இல். அந்த ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஒளிபரப்பு கலருக்கு மாறியது. நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதையொட்டி வெளிநாட்டு டிவிகள் உள்ளே வந்தன, கூடவே வி.சி.ஆர். பெட்டிகளும் வந்தன. நாம் யாரும் வி.சி.ஆர். என்று சொன்னதில்லை, "டெக்" என்றுதான் சொல்வோம்.

அந்தச் சமயம் ஓசூர் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. சிப்காட் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்துதான் வெளிவந்தது. அசோக் லேலண்ட் தொழிற்சாலையும் அந்த வருடம்தான். டாட்டாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் பின்னால் வந்தது. மதுரை, திருநெல்வேலி, சேலம் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வேலைக்கு வந்து, ஒரு அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருந்தார்கள். ஆன்டெனாவைப் பெங்களூரு பக்கம் திருப்பினால் கன்னட நிகழ்ச்சி கண்ணாடி மாதிரி தெரியும். சென்னை அவ்வளவு சுலபத்தில் எட்டாது. தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமென்றால் தியேட்டர், இல்லாவிட்டால் வாடகை டெக். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு டிவி, டெக், மூன்று கேசட் எடுத்துவந்து விடிய விடியப் பார்ப்பார்கள். எங்கள் தெருவிலும் அப்படித்தான். இரண்டாம் படம் முடிவதற்குள் பாதிப் பேர் திண்ணையில் தூங்கியிருப்பார்கள்.

கிராமங்களில் கொட்டகை போட்டு டெக்கில் படம் ஓட்டிக் காசு வாங்கியவர்களும் உண்டு. தியேட்டர்காரர்கள் புலம்பினார்கள். 1984-இல் தமிழ்நாடு அரசு, வி.சி.ஆர். மூலம் டிவியில் பொதுவாகப் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த ஒரு சட்டமே போட்டது. லைசென்ஸ் வாங்க வேண்டும். சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தும் அளவுக்கு அந்தப் பெட்டி வளர்ந்திருந்தது.

படம் பார்க்க வந்த கேசட் அடுத்தபடியாகக் கல்யாணத்துக்குள் நுழைந்தது. தோளில் வைக்கும் பெரிய பேனசானிக் கேமரா, முழு வி.எச்.எஸ். கேசட் அப்படியே உள்ளே போகும். பக்கத்தில் ஒரு பையன் லைட்டைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பான். அந்த லைட் முகத்தில் அடித்தால் கண் கூசும். பழைய கல்யாண வீடியோக்களில் நம் பெரியவர்கள் எல்லோரும் கோபமாக இருப்பது போலத் தெரிவதற்குக் காரணம் அந்த லைட்தான். அவர்களுக்குக் கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து "மிக்ஸிங்" முடிந்த கேசட் வரும். இரண்டு டெக்கை இணைத்து, எடுத்ததிலிருந்து வேண்டிய பகுதியை இன்னொரு கேசட்டுக்கு மாற்றுவார்கள். மணப்பெண் முகம் இதய வடிவத்துக்குள் வரும், ரோஜாப் பூவுக்குள் வரும். இப்படிக் காப்பி எடுக்கும்போதே படம் ஒரு படி மங்கிவிடும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மண்டபத்தில் கேட்ட சத்தத்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். நாமும் அதைத்தான் கேட்டு வாங்கினோம். பாட்டு இல்லாத கேசட் என்றால் "என்னப்பா, இழவு வீடு மாதிரி இருக்கு" என்று சொன்ன காலம் அது.

எங்கள் கேசட்டிலும் அதேதான். அம்மா வாசலில் நின்று எல்லோரையும் கூப்பிடுகிறார்கள், வாய் அசைகிறது, பாட்டு ஓடுகிறது. சம்பந்தியம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள், பாட்டு. நலங்கில் அம்மா பாடினார்கள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதன்மேலும் பாட்டு.

அப்படியானால் முதலில் எடுத்த கேசட் எங்கே? 2001 வாக்கில் அந்த வீடியோகிராபரைத் தேடிப்போய்க் கேட்டேன். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். "டீச்சர், அன்னைக்குக் கேசட் விலை தெரியுமில்ல? மிக்ஸிங் முடிஞ்சதும் அதே கேசட்டுலதான் அடுத்த முகூர்த்தம் எடுப்போம்." வீட்டிலும் நாம் அதைத்தான் செய்தோம். கேசட்டின் முதுகில் சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும், அதை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. உடைத்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். எத்தனை காதுகுத்து வீடியோவின்மேல் கிரிக்கெட் மேட்ச் ஏறியிருக்கிறதோ!

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பின்னால் படித்தபோது இருந்த கொஞ்சநஞ்சமும் போய்விட்டது. லண்டன் பிபிசி என்ன செய்தது தெரியுமா? 1960-களிலும் 70-களிலும் ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளின் டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியது. 'டாக்டர் ஹூ' என்ற புகழ்பெற்ற தொடரில் நூற்றுக்குக் கொஞ்சம் குறைவான பகுதிகள் இப்படிக் காணாமல் போயின. ஆனால் அன்றே டிவி முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிந்த ரசிகர்கள் இருந்தார்கள். அவர்கள் தயவில் போன பகுதிகள் எல்லாவற்றின் ஒலியும் கிடைத்துவிட்டது. அவர்களிடம் குரல் இருக்கிறது, படம் இல்லை. எனக்குத் தலைகீழ்.

நாசாவும் அப்படித்தான். 1969-இல் நிலவில் மனிதன் இறங்கியதை நேரடியாகப் பதிந்த மூல டேப்புகளைத் தேடினார்கள். பிற்காலத்தில் டேப் தட்டுப்பாடு வந்தபோது மற்றவற்றோடு அவையும் அழிக்கப்பட்டு மறுபடி பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் அவர்களே சொன்னார்கள். டிவி நிலையங்களில் இருந்த பிரதிகளைக் கொண்டுதான் படத்தைச் சீர்செய்தார்கள். நம் சினிமாவிலோ, 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைக்காது. நிலவுக்குப் போன டேப்புக்கே அந்தக் கதி என்றால் ஓசூர் முகூர்த்தத்துக்கு என்ன மரியாதை இருந்திருக்கும்?

சரி, மிச்சமிருந்த கேசட்டையாவது காப்பாற்றலாம் என்று 2008-இல் பெங்களூரில் ஒரு கடையில் கொடுத்து டிவிடி போட்டு வாங்கினோம். நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வந்த டிவிடியில் எல்லோரும் குண்டாகத் தெரிந்தார்கள். பழைய டிவியின் சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டார்கள். ஒல்லிக்குச்சியாக இருந்த அப்பாவுக்குத் தொந்தி! பேரப்பிள்ளைகள் தாத்தாவை அப்படியே நம்பிவிட்டார்கள். அந்த டிவிடியும் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் படிக்காமல் போனது. வீட்டில் எழுதும் டிவிடியில் தகவல் பதிவது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் சூடும் பட்டால் அது கெட்டுவிடும்.

கேசட் மட்டும் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது. அதற்கும் ஆயுள் குறைவுதான். உள்ளே இருப்பது அரை அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் நாடா, 180 நிமிடக் கேசட்டில் 250 மீட்டருக்கு மேல். அதன்மேல் இரும்பு ஆக்சைடு துகள்களை ஒரு பசையால் பிடித்து வைத்திருப்பார்கள். அந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி இளகும். பரணில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். நாடா நன்றாக இருந்தாலும் ஓட்டுவதற்குப் பெட்டி வேண்டுமே? கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி, உதிரிபாகம் கிடைக்கவில்லை என்று 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களை ஓட்டும் கருவிகளே இனி அரிதாகிவிடும், 2025-ஐ ஒட்டி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்று யுனெஸ்கோ பக்கமிருந்தும் எச்சரிக்கை வந்தது. அந்த வருடமும் வந்துவிட்டது.

எனக்கு உதவியது என் பழைய மாணவர் ஒருவர். அஞ்சாம் வகுப்பில் என்னிடம் படித்தவர், டிவி மெக்கானிக்காக இருந்து இப்போது சிசிடிவி கேமரா மாட்டுகிறார். அவர் வீட்டுப் பரணில் ஒரு டெக் இருந்தது. ரப்பர் பெல்ட் உருகிப் பிசின் ஆகியிருந்தது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் அலைந்து வேறு பெல்ட் வாங்கி மாட்டினார். டெக்கினுள் ஒரு உருளை, நிமிடத்துக்கு 1,500 சுற்று, நொடிக்கு 25. ஒரு சுற்றுக்கு ஒரு படம். அந்த உருளையில் இருக்கும் ஹெட்டைத்தான் ஸ்பிரிட் வைத்துத் துடைக்க வேண்டும். "குறுக்கே துடைக்கணும் டீச்சர், மேலும் கீழும் துடைச்சா ஹெட் போயிடும்" என்றார். எனக்கே பாடம்!

டெக்கிலிருந்து மஞ்சள், வெள்ளை ஒயர், அதை யுஎஸ்பியில் செருகும் ஒரு சின்னக் கருவிக்கு, அங்கிருந்து லேப்டாப்புக்கு. வேகமாக மாற்ற வழியே இல்லை. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். முதலில் கேசட்டைக் கடைசிவரை ஓட்டி, பின்னால் சுற்றி, அதன் பிறகுதான் பதிவு. ஒட்டிக்கொண்டிருக்கும் நாடா அப்போதுதான் தளரும்.

உட்கார்ந்து பார்த்தோம். கல்யாணத்தைவிடச் சுற்றி இருப்பதைத்தான் கண் தேடியது. மண்டபத்துக்கு வெளியே ஒரு வரிசை நிறைய டிவிஎஸ் 50. பின்னால் சந்திரசூடேஸ்வரர் மலை முழுசாகத் தெரிகிறது, இன்று அந்த இடத்தில் நின்றால் மாடிகள்தான் தெரியும். பெண் வீட்டார் தெலுங்கு, மேளக்காரர் கன்னடம், சமையல்காரர் உருது. யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆனது. அதற்கு முந்தைய ஊரின் அசையும் படம் இப்படித்தான் வீட்டுக்கு வீடு பீரோவில் கிடக்கிறது. பழைய புத்தகங்களைக் காக்கச் சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, ஈழத்தமிழர்களுக்கு நூலகம் இணையதளம் இருக்கிறது. கல்யாண கேசட்டை யார் வாங்கி வைப்பார்கள்?

இரண்டு மணி நேரம் தாண்டியபோது சாப்பாட்டுப் பந்தி வந்தது. பாட்டு முடிந்தது. மிக்ஸிங் செய்தவர் அடுத்த பாட்டைப் போடுவதற்குள் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கிறார். அந்த இடைவெளியில் மண்டபத்தின் உண்மையான இரைச்சல் கேட்டது. இலை போடும் சத்தம், வாளி சத்தம். கேமரா நகர்ந்து அம்மாவிடம் வந்தது. லைட்டுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரையோ பார்த்து:

"ஏன் கண்ணு, நீ இன்னும் உட்காரலையா? வா, வா, ரெண்டாம் பந்திக்கு வந்துடு."

பதினோரு நொடி. அதற்குள் அடுத்த பாட்டு வந்துவிட்டது.

மாணவர் ஒன்றும் பேசாமல் பதிவை நிறுத்தாமல் விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

இப்போது அந்தக் கோப்பு தம்பி வீட்டில் ஒன்று, என் லேப்டாப்பில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கிறது. தம்பி போனில் கேட்டுவிட்டு, "அக்கா, அம்மா யாரைக் கூப்பிடறாங்க?" என்றான். படத்தில் ஆள் தெரியவில்லை, ஒரு பச்சைப் பாவாடை ஓரம் மட்டும் தெரிகிறது. உறவில் அப்போது சின்னப் பெண்ணாக இருந்த நான்கு பேரிடம் விசாரித்துவிட்டேன். நாலு பேருமே "என்னைத்தான் கூப்பிட்டாங்க" என்கிறார்கள்.

அடுத்து 1997 பள்ளி ஆண்டுவிழா கேசட் இருக்கிறது. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே ஓட்டினால் ஹெட்டும் கெடும், அடுத்து ஓட்டும் கேசட்டும் கெடும். ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றி, நாடாவைச் சுத்தம் செய்து வேறு கூட்டில் மாற்ற வேண்டுமாம். வரும் ஞாயிற்றுக்கிழமை வருவதாக மாணவர் சொல்லியிருக்கிறார்.